சிங்கர் யாருடைய சொத்து?

தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் அரசர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்த பொருட்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. எதைக் கடனுக்கு வாங்கினோம், எதைச் சீதனமாகக் கொடுத்தோம், ஓடும்போது எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், எதை விட்டுவிட்டு வந்ததற்காக இன்றைக்கும் மனம் வருந்துகிறோம் என்பவையும் வரலாறுதான். அப்படியான பொருட்களில் ஒன்று யன்னலோரம் நின்ற தையல் மெசின். கறுப்பு இரும்பு உடல், அதன்மேல் பொன்னிற எழுத்து, கீழே வார்ப்பிரும்புக் கால்கள். எங்கள் ஊர்களில் பலர் அதை மெசின் என்றுகூடச் சொல்வதில்லை. 'சிங்கர்' என்றே சொன்னார்கள். வேறு கொம்பனியின் மெசினாக இருந்தாலும் அது சிங்கர்தான்.

ஒரு கொம்பனியின் பெயர் ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிடுவது சும்மா நடக்கிற காரியமல்ல. நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் பாரம்பரியம் என்று விளம்பரம் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்தப் பாரம்பரியத்தை உண்டாக்கியவர்கள் யார் யார் என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கண்டுபிடித்தவர்கள், விற்றவர்கள், செய்தவர்கள், மிதித்தவர்கள் என்று நாலு வகையினரை இந்த வரலாற்றில் காண்கிறோம். விளம்பரத்தில் முதல் இரண்டு வகையினருக்கே இடம் கிடைத்திருக்கிறது.

கண்டுபிடித்தவர்கள்

தையல் மெசினை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பார்த்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830இல் ஒரு மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் எண்பது மெசின்களை வைத்து இராணுவச் சீருடைகள் தைக்கும் தொழிற்கூடம் ஒன்றை நடத்தினார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் 1831இல் உள்ளே புகுந்து அவற்றை அடித்து நொருக்கினார்கள். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார். அமெரிக்காவில் வோல்ரர் ஹன்ற் என்பவர் 1830களில் ஒரு மெசினைச் செய்துவிட்டுக் காப்புரிமை கேட்காமலே விட்டார். தையற்பெண்களின் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்று எண்ணினார் என்று ஒரு கதை உண்டு.

1846இல் எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற மெசினில்தான் இன்றைய தையலின் அடிப்படை முழுமையாக இருந்தது. கைத்தையல் ஊசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். மெசின் ஊசிக்குக் காது கூர்முனைக்குக் கிட்ட இருக்கும். ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டுபோய்ச் சற்று மேலெழும்போது அங்கே ஒரு சிறு வளையம் உண்டாகிறது. பொபினைச் சுமந்த நாடா அந்த வளையத்துக்குள்ளால் கீழ்நூலைக் கொண்டுபோகிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. சங்கிலித் தையலைப் போல ஒரு முனையை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடாது. நெசவுத் தறியின் நாடாவைத் தையலுக்குக் கொண்டுவந்ததுதான் இதிலுள்ள நுட்பம்.

ஐசக் மெரிட் சிங்கர் இந்தக் கதைக்குள் பின்னால் வந்து சேர்ந்தவர். 1811இல் நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இயந்திர வேலை தெரிந்தவர். நாடகக் குழு நடத்தி ஊரூராகத் திரிந்தவர். பொஸ்ரனில் ஒரு பட்டறையில் பழுதாகிப் பழுதாகி நின்ற ஒரு தையல் மெசினைப் பார்த்து அதைத் திருத்தப் போனவர், 1851 ஓகஸ்ற் 12இல் தன் பெயரில் காப்புரிமை பெற்றார். ஊசி செங்குத்தாக மேலும் கீழும் இயங்குவது, துணி தட்டையான மேசையில் கிடப்பது, துணியை ஓர் பாதம் அழுத்திப் பிடிப்பது, காலால் மிதித்து இயக்குவது ஆகியவை அவருடைய மெசினில் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு கையும் துணியைப் பிடிக்க, வேலையைக் கால் செய்தது. தைக்கிறவரின் உடம்பை அறிந்து செய்த மெசின் அது.

ஹோ வழக்குப் போட்டார். ஊசியும் பூட்டுத்தையலும் தன்னுடையவை என்றார். 1854இல் சிங்கர் தரப்பு 15,000 டொலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. 1856இல் சிங்கர், ஹோ, வேறு இரண்டு கொம்பனிகள் ஆகிய நாலு தரப்பும் தங்கள் காப்புரிமைகளை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டன. வேறு யார் மெசின் செய்தாலும் இவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். 1877 வரை இந்தக் கூட்டு நீடித்தது.

விற்றவர்கள்

சிங்கரின் மெசின் மற்றவர்களுடையதைவிட மிக மேலானது என்பதால்தான் வென்றது என்று எண்ணுவோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. போட்டிக் கொம்பனிகள் சில, துப்பாக்கித் தொழிற்சாலைகளின் முறையைப் பின்பற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டக்கூடிய உதிரிப்பாகங்களைத் துல்லியமாகச் செய்துகொண்டிருந்த காலத்தில், சிங்கர் தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தையும் தொழிலாளிகள் அரத்தால் அராவி அராவியே பொருத்தினார்கள். 1880இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் மெசின் என்ற அளவுக்கு உற்பத்தி பெருகியபோதும் இந்த அராவும் வேலை ஓயவில்லை. அதற்குப் பிறகுதான் பாகங்களைத் துல்லியமாகச் செய்யும் முறை மெல்ல மெல்ல அங்கே நிலைபெற்றது.

அப்படியானால் வென்றது எப்படி? எட்வேட் கிளார்க் என்ற வழக்கறிஞரால். இவர் சிங்கரின் பங்காளி. 1850களில் ஒரு மெசினின் விலை 100 டொலருக்கு மேல். ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ 500 டொலர் அளவில். ஐந்து மாடு விற்று ஒரு மெசின் வாங்க எவரும் வரமாட்டார்கள். 1856இல் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். முதலில் ஒரு சிறு தொகை, பிறகு மாதாமாதம் ஒரு சிறு தொகை. கடைசித் தவணை கட்டும்வரை மெசின் கொம்பனிக்குச் சொந்தம். தவணை தவறினால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இலங்கையில் நாம் வாடகைக் கொள்வனவு என்று சொல்லும் முறை உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது இந்த மெசினின் முதுகில் ஏறித்தான். பழைய மெசினைக் கொடுத்தால் புதியதில் விலைக்கழிவும் உண்டு. அப்படி வாங்கிய பழைய மெசின்களை அவர்கள் திரும்ப விற்கவில்லை, உடைத்துப் போட்டார்கள். நீடித்து உழைக்கும் பொருளைச் செய்கிறவனுக்கு அது நீடித்து உழைப்பதே தொல்லை என்பது அன்றே தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் கிளார்க் புரிந்துகொண்டார். மெசினை மிதிக்கப் போகிறவள் பெண். ஆகவே கண்ணாடிபோல் துடைத்த காட்சியறைகளில் பெண்களையே உட்காரவைத்துத் தைத்துக் காட்டினார்கள். பெண்ணால் இயந்திரம் இயக்க முடியாது என்று நம்பிய காலத்தில் இது சிறிய காரியமல்ல. பிற்காலத்தில் பெரிய எஸ் எழுத்துக்குள் ஒரு பெண் மெசினில் உட்கார்ந்திருக்கும் படமே கொம்பனியின் சின்னமாகியது. 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியிட்ட விளம்பர அட்டைகளில் உலகத்து மக்கள் பலரும் தத்தம் உடையில் சிங்கரோடு நின்றார்கள். இலங்கைக்கும் ஓர் அட்டை இருந்தது.

சிங்கர் என்ற மனிதர் இதற்கிடையில் வேறு வாழ்க்கை வாழ்ந்தார். பல பெண்களோடு ஒரே காலத்தில் குடும்பம் நடத்தினார். அவருக்கு 24 பிள்ளைகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஊர்ச் சிரிப்புத் தாங்காமல் 1860இல் ஐரோப்பாவுக்குப் போனார். 1863இல் பங்காளிக் கொம்பனி கலைக்கப்பட்டு நிறுவனமாகியது. 1875இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த நிலையில் இறந்தார்.

இந்த மனிதரைப் பற்றிக் காந்தியிடம் அழகான ஒரு கற்பனை இருந்தது. 1924இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். (பின்னாளில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை மனைவி சௌந்திரத்தோடு சேர்ந்து உருவாக்கியவர் இவரே.) காந்தி தையல் மெசினை விலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்த சிங்கர் அன்பினால் அதைச் செய்தார் என்பது காந்தியின் விளக்கம். உண்மையான சிங்கரின் குடும்பக் கதையை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ராமச்சந்திரன் அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியமானது. அந்த மெசினைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அப்படியான தொழிற்சாலைகள் அரசுடைமையாக இருக்க வேண்டும், அங்கே வேலை செய்கிறவர்களின் நிலை மனிதத் தன்மையோடு இருக்க வேண்டும் என்பது காந்தியின் விடையின் சாரம். பாவிக்கிறவளிலிருந்து செய்கிறவர்களுக்குக் கேள்வி நகர்ந்துவிட்டது. நாமும் அங்கே போவோம்.

செய்தவர்கள்

எங்கள் வீடுகளில் நின்ற சிங்கர் மெசின்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை அல்ல. பிரித்தானியப் பேரரசின் சந்தைகளுக்கு மெசின் போனது ஸ்கொட்லாந்திலிருந்து. 1867இல் கிளாஸ்கோ நகரில் சிறிதாகத் தொடங்கிய உற்பத்தி, 1882இல் கட்டத் தொடங்கி 1885இல் திறந்த கிளைட்பாங் தொழிற்சாலைக்கு இடம் மாறியது. அன்று உலகின் மிகப் பெரிய தையல் மெசின் தொழிற்சாலை அதுதான். இரும்பு உருக்கும் வார்ப்படம், மரம் அறுக்கும் மில், ஊசி செய்யும் பகுதி, மேசைக்கு மெருகு பூசும் பகுதி எல்லாம் ஒரே மதிலுக்குள். 1913இல் அங்கிருந்து 13 இலட்சம் மெசின்கள் வெளியேறின. ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்தார்கள். அந்த ஊர் வளர்ந்ததே அந்தத் தொழிற்சாலையாலும் பக்கத்துக் கப்பல் கட்டும் துறையாலும்தான்.

1911 மார்ச் 21இல், மேசைகளுக்கு மெருகு பூசும் பகுதியில் வேலை செய்த 12 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களின் குழுவிலிருந்து மூன்று பேரைக் குறைத்துவிட்டு, அந்த மூவரின் வேலையையும் மிச்சப் பேரின் தலையில் சுமத்தியதுதான் காரணம். இரண்டு மூன்று நாட்களுக்குள் தொழிற்சாலையின் ஏறத்தாழ 11,000 தொழிலாளரும் வெளியே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பெண்களுக்காக ஓர் ஊரே தெருவில் நின்றது. கொம்பனி தொழிற்சாலையை மூடியது. பிறகு தொழிலாளர்களின் வீடுகளுக்குத் தபாலட்டை அனுப்பியது. வேலைக்குத் திரும்பச் சம்மதமா, கையெழுத்திட்டு அனுப்பு என்றது. கூட்டத்தில் கை உயர்த்துவது வேறு. வாடகை கட்டவேண்டிய வீட்டுக்குள் தனியே இருந்து ஒரு தபாலட்டையைப் பார்ப்பது வேறு. ஏப்ரல் 10இல் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. முன்னின்ற 400 பேரளவில் வேலை இழந்தார்கள்.

அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் ஆர்தர் மக்மானஸ். 1920இல் பிரித்தானியக் கம்யூனிஸ்ற் கட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவர். இன்னொருவர் ஊசி செய்யும் பகுதியில் வேலை செய்த ஜேன் ரே. பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்து, 1920களில் கிளைட்பாங் நகரசபை உறுப்பினரானார். தையல் மெசினின் வரலாறு என்று அச்சிடும் பளபளப்பான புத்தகங்களில் மெசின் மாதிரிகளின் பெயர் வரிசையாக வரும். அந்த ஊசிகளைச் செய்தவர்களின் பெயர் வருவது அருமை.

அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய அதே வாரத்தில், மார்ச் 25 சனிக்கிழமை, அத்திலாந்திக்கின் மறுகரையில் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. வரிசையாக மெசின்களில் இருந்து தைத்த 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஐரோப்பாவிலிருந்து அகதிகளாகவும் பிழைப்புத் தேடியும் வந்த யூத, இத்தாலியப் பெண்கள். வாசற்கதவு ஒன்று பூட்டியிருந்தது. மெசினைச் செய்த பெண்கள் ஒரு கரையிலும், மெசினில் தைத்த பெண்கள் மறுகரையிலும் ஒரே வாரத்தில் வரலாற்றில் பதிவானார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

கிளைட்பாங் தொழிற்சாலைக்கு 200 அடி உயரமான மணிக்கூட்டுக் கோபுரம் இருந்தது. 1920களில் அதன் நாலு முகங்களும் ஒவ்வொன்றும் 26 அடி விட்டமுள்ளதாகப் பெரிதாக்கப்பட்டன. ஊர் முழுக்க அதைப் பார்த்துத்தான் வேலைக்குப் போனது. 1941 மார்ச் 13, 14 இரவுகளில் ஜேர்மன் விமானங்கள் அந்த ஊரின்மேல் குண்டு பொழிந்தன. தொழிற்சாலையின் மரக்காலை எரிந்தது. ஏறத்தாழ 12,000 வீடுகளில் சேதமின்றித் தப்பியவை பத்துக்கும் குறைவு. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இரண்டே இரவில் வீடிழந்து ஊர் ஊராகச் சிதறினார்கள். எங்கள் அம்மாமாரின் மெசின்களைச் செய்த ஊரும் இடம்பெயர்ந்த ஊர்தான்.

கோபுரம் 1963இல் இடிக்கப்பட்டது. தொழிற்சாலை 1980 ஜூனில் மூடப்பட்டது. கிளாஸ்கோவிலிருந்து அந்தப் பக்கம் புகையிரதத்தில் போகிறவர்கள் 'சிங்கர்' என்றொரு நிலையத்தைக் காணலாம். மெசின் இல்லை, தொழிற்சாலை இல்லை. நிலையத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

காந்தி சொன்னபடி அரசுடைமையான சிங்கர் தொழிற்சாலைகளும் உண்மையில் இருந்தன. மொஸ்கோவுக்கு அருகே பொடோல்ஸ்க்கில் சிங்கர் நடத்திய தொழிற்சாலை 1917 புரட்சிக்குப் பின் அரசின் கைக்குப் போயிற்று. கிழக்கு ஜேர்மனியின் விற்றன்பேர்க என்ற ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1945க்குப் பின் அரசுடைமையாகி வெரிற்றாஸ் என்ற பெயரில் மெசின் செய்தது. இரண்டு ஜேர்மனிகளும் இணைந்தபின் 1990களின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது. அதன் மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. உடைமை மாறியதால் தொழிலாளிக்கு என்ன மாறியது என்பது தனியே எழுதவேண்டிய விடயம். தொழிற்சாலை மூடப்படும் நாளில் இரு இடத்துத் தொழிலாளியும் ஒரே வாசலால்தான் வெளியே போனான்.

மிதித்தவர்கள்

சிங்கர் கொழும்புக்கு வந்தது 1877இல். தைத்த உடுப்பு எங்களுக்கு அப்போது பெரிய தேவையாக இருக்கவில்லை. சேலையும் வேட்டியும் சால்வையும் ஊசியைத் தேடுவதில்லை. தைத்த சட்டை, மிசன் பாடசாலைகளோடும் அரசாங்க உத்தியோகத்தோடும் சேர்ந்து வந்தது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலையில் ஊசிவேலையும் கற்பிக்கப்பட்டது. மெசின் வந்து சேர்ந்தபோது அதற்கு வேண்டிய கையும் கண்ணும் தயாராக இருந்தன.

பொதுவாகத் தெற்காசியா முழுவதும் மெசினை முதலில் வாங்கியவர்கள் ஆண் தையற்காரர்கள். கடை விறாந்தையில் ரெயிலர் ஒருவர் மெசினோடு இருப்பது இன்றைக்கும் எங்கள் பட்டினங்களின் காட்சி. வீட்டுக்குள் மெசின் வந்தது அதற்குப் பிறகு. தவணைக்கு வந்தது, சீட்டுக்காசில் வந்தது, மலாயாவுக்குப் போன மாமன்மார் அனுப்பிய பணத்தில் வந்தது, சீதனத்தோடு வந்தது. என் சிறு வயதில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. "மெசினில கை வையாதை பிள்ளை, ஊசி ஏறிப்போடும்" என்ற சத்தம் கேட்காத நாள் குறைவு. அந்த மெசினில் தைத்த காசு எவ்வளவு என்று வீட்டில் ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியபோதும், மழைக்கு முன் கூரை வேய்ந்தபோதும் அந்தக் காசு எங்கிருந்தோ வந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆண் கடையில் இருந்து தைத்தால் அது தொழில். பெண் வீட்டில் இருந்து தைத்தால் அது 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை'. சமையலும் பிள்ளையும் தண்ணி அள்ளுவதும் முடிந்து, விளக்கு வெளிச்சத்தில் தீபாவளிச் சட்டைகளை ஓரம் அடித்து முடித்த பெண்கள் எல்லாம் சும்மா இருந்தவர்களாகவே கணக்கில் எழுதப்பட்டார்கள். ஆயினும் கணவனை இழந்த பெண்ணுக்கும், மணமாகாத அக்காமாருக்கும், கைவிடப்பட்டவளுக்கும் மற்றவரிடம் கை நீட்டாமல் இருக்க வழிசெய்தது அந்த மெசின்தான். அதே பொருள் பெண்ணை வீட்டுக்குள் இருத்தியும் வைத்தது. அவளுக்கென்று ஒரு காசையும் கொடுத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

1977க்குப் பிறகு இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். அங்கே இருந்தவை பெரும்பாலும் யப்பானின் ஜூக்கி மெசின்கள். அந்தப் பெண்களுக்கு ஊர் வைத்த ஏளனப் பெயரும் 'ஜூக்கி'. வீட்டில் நின்ற மெசினின் பெயர் மரியாதையோடு சொல்லப்பட்டது. தொழிற்சாலையில் நின்ற மெசினின் பெயர் அதை இயக்கிய பெண்ணுக்கு வசைச்சொல்லாகியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தவள் அவள். நியூயோர்க்கில் எரிந்த பெண்களின் வரிசை அங்கேயே முடிந்துவிடவுமில்லை. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து விழுந்தபோது ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போர் வந்தபோது மெசினும் அகதியாகியது. சிங்கர் மெசினின் தலை, மேசையில் இரண்டு பிணைச்சலில்தான் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு திருகாணியைத் தளர்த்தித் தோல் வாரைக் கழற்றினால் தலை தனியே வந்துவிடும். எண்ணெய் விடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, கால்களை வீட்டில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். போன இடத்தில் ஏதாவது ஒரு பலகையும் ஒரு கைச்சக்கரமும் கிடைத்தால் அடுத்த நாளே தைக்கலாம். நகையை விற்றால் ஒருதரம்தான் சாப்பிடலாம், மெசின் நாளைக்கும் சோறு போடும் என்ற கணக்கு அதில் இருந்தது.

போர் முடிந்த பிறகு வன்னியில் கணவரை இழந்த பெண்களுக்கு உதவி என்று கொடுக்கப்பட்ட பொருட்களில் தையல் மெசின் எப்போதும் முன்னுக்கு நின்றது. புலம்பெயர்ந்த நாங்களும் சங்கங்கள் மூலம் காசு சேர்த்து அனுப்பினோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கிராமத்தில் இருபது பேருக்கு மெசின் கொடுத்தால் இருபது பேருக்கும் தைக்கத் துணி யார் கொடுப்பது, தைத்ததை யார் வாங்குவது? கிளார்க் 1856இலேயே அறிந்திருந்தார், மெசினைக் கொடுப்பது பாதி வேலை என்று. சந்தையையும் கூடவே யோசிக்காத உதவி, படம் எடுத்து முடிந்ததும் மூலையில் துணி போர்த்தி நிற்கும்.

மிஞ்சியது எது

இனி, அந்தப் பழைய மெசின் ஏன் இன்னும் தைக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். வார்ப்பிரும்பு ஒரு காரணம். எண்ணெய்த் துளைகள் வெளியே தெரியும்படி இருப்பதும், எல்லாத் திருகாணியும் ஒரு சாதாரணத் திருகாணித் திருப்பிக்கு அடங்குவதும் இன்னொரு காரணம். பழுதானால் பாவிக்கிறவரே திறந்து பார்க்கலாம். எதையும் மூடி மறைக்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய காரணம், அந்த அமைப்பு ஒரு கொம்பனியின் தனியுடைமையாக நின்றுவிடாதது. காப்புரிமைக் காலம் முடிந்தபின், சிங்கரின் 15ஆம் வகை மெசினை உலகமே பிரதி செய்தது. 1945க்குப் பின் யப்பானியக் கொம்பனிகள் அந்த அமைப்பையே பொது அளவாக ஏற்று இலட்சக்கணக்கில் செய்தன. கல்கத்தாவில் 1930களில் தொடங்கிய உஷா மெசினும் அந்த வழியில் வந்ததுதான். இன்று ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு கடையில் வாங்கும் சாதாரண வீட்டு மெசின் ஊசியைக் கொண்டுபோய் நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு 15ஆம் வகைச் சிங்கரில் பூட்டினால் அது தைக்கும். ஓடம்போன்ற நாடாவும் நீளப் பொபினும் கொண்ட இன்னும் பழைய வகைகளுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு உரிய ஊசியைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

கொம்பனியின் கதையோ வேறு. 1908இல் நியூயோர்க்கில் 47 மாடியில் உலகின் மிக உயர்ந்த கட்டடத்தைக் கட்டியது. அறுபது ஆண்டில் அது இடிக்கப்பட்டது. 1980களில் தையல் மெசின் பகுதியைத் தனியே பிரித்து விட்டார்கள். 1999இல் வங்குரோத்து. 2004இல் பெயர் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று; 2021இல் இன்னொன்றின் கைக்கு. இலங்கையில் சிங்கர் என்ற பெயரில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கும் நிறுவனத்தின் பெரும்பங்கை 2017இல் ஹேலீஸ் வாங்கியது. பெயர் கைமாறிக்கொண்டே போகிறது. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் விலை கொடுப்பது அந்தப் பெயரின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவை கிளைட்பாங்கில் அராவிய கைகளும் எங்கள் விறாந்தைகளில் மிதித்த கால்களும்தான். அவர்களுக்குப் பங்கு கிடைத்ததில்லை.

ஆகவே பாரம்பரியம் என்பதை நாமே எழுதி வைப்பது நல்லது. உங்களில் யாருடைய வீட்டிலாவது, ஊரிலோ இங்கேயோ, பழைய சிங்கர் ஒன்று இருந்தால் அதன் அடித்தட்டில் வலப்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் எஃப் அல்லது வை என்ற தனி எழுத்தோ, ஈ என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்தோ இருந்தால் அது கிளைட்பாங்கில் செய்தது. சீ என்ற தனி எழுத்து இருந்தால் விற்றன்பேர்கவில் செய்தது. அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அதை யார் வாங்கினார்கள், என்ன காசில் வாங்கினார்கள், அதில் யார் தைத்தார்கள், எந்த ஆண்டு எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்பதையும் எழுதுங்கள். தைத்தவர் உயிரோடு இருந்தால் இன்றே கேளுங்கள். தைத்த கூலி எவ்வளவு என்றும் மறக்காமல் கேளுங்கள். அந்தக் கணக்குத்தான் இதுவரை எங்கும் எழுதப்படவில்லை.